வண்டி வராத ரோடு

"சைக்கிள்லயா? ஏன், பைக் என்னாச்சு?"

மயிலாடுதுறையில் கிளம்பி பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால் என்று கடலோரமாகவே நாகூர் வரை சைக்கிளில் போனோம் என்று சொன்னதும் வகுப்பில் பத்துக்கு எட்டுப் பேர் கேட்டது இதைத்தான். மிச்சம் இரண்டு பேர் "எத்தனை கியர்?" என்றார்கள். கியராவது ஒன்றாவது! பதினொன்றாம் வகுப்பில் வரிசையில் நின்று வாங்கினோமே, அதே விலையில்லா மிதிவண்டிதான். முன்னால் கூடை, பின்னால் கேரியர், மிதித்தால் 'கிரீச்'. அவ்வளவுதான் வசதி. எனக்கு ஒன்று, என் அறைத்தோழனுக்கு ஒன்று. அவன் பெயரையும் அவன் ஊர்ப் பெயரையும் எங்கேயும் எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியமே வாங்கியிருக்கிறான். அதனால் கடைசி வரை அவன் வெறும் 'நண்பன்'. பூம்புகாருக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவில் கடலோரம் இருக்கும் ஒரு மீனவ கிராமம் அவனுக்குச் சொந்த ஊர். அது போதும் உங்களுக்கு.

2025 ஜனவரி கடைசி. ஒரு சனி, ஒரு ஞாயிறு. சுற்றி வளைத்துப் போனதெல்லாம் சேர்த்து 90 கிலோமீட்டர் சொச்சம். பைக்கில் போனால் காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையில் முடிந்துவிடும். முடிந்துவிடும் என்பதுதான் பிரச்சினையே. மணிக்கு 12 கிலோமீட்டரில் போகிறவனுக்குத் தெரிகிற விஷயங்கள் வேறு. கருவாடு காயும் வாசம் எந்த வளைவில் ஆரம்பிக்கிறது, தண்ணீரில் உப்பு எந்த ஊரிலிருந்து கரிக்கிறது, இதெல்லாம் பைக்கில் தெரியாது.

ஜனவரி ஏன் என்றால், காற்று. மழைக்காலம் முடிந்து வாடைக்காற்று மட்டும் மிச்சமிருக்கும் நேரம். வடக்கிலிருந்து தெற்கே போகிறவனை அது முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். கியர் இல்லாத வண்டிக்கு அதுதான் கியர். இது என் கண்டுபிடிப்பு இல்லை, நண்பன் சொன்னது. வாடை, கொண்டல், கோடை என்று அவனுக்குக் காற்றின் பெயரெல்லாம் அத்துப்படி. எனக்குத் தெரிந்தது ஃபேன் காற்றும் ஏசி காற்றும்தான் :-)

காலை ஐந்து மணிக்குக் கிளம்பி மேலையூர் வந்தபோது விடிந்திருந்தது. மேலையூரில் காவிரியின் கடையணை இருக்கிறது. கல்லணை எல்லோருக்கும் தெரியும், கடையணை யாருக்குத் தெரியும்? தலைக்காவிரியில் கிளம்பி 800 கிலோமீட்டர் நடந்து வந்த ஆறு இங்கேதான் கடைசியாக ஒரு கதவைத் தாண்டுகிறது. அதற்கப்புறம் பூம்புகாரில் கடலில் சேரும்போது அது ஒரு வாய்க்கால் அளவுதான் இருக்கும். வெள்ளத்தைக் கொள்ளிடம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. பாசனத்துக்கு ஏகப்பட்ட கிளைகள் பிரிந்துவிடுகின்றன. காவிரிக் கரையில் நின்றுகொண்டே "காவிரி எங்கே இருக்கு?" என்று கேட்டவர்களை நண்பன் பார்த்திருக்கிறானாம்.

பூம்புகாரில் கலைக்கூடம் இன்னும் திறக்கவில்லை. ஏழு நிலை மாடமாக 1973-இல் கட்டியது. சின்ன வயதில் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்தாயிற்று என்று விட்டுவிட்டோம். எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது ரோடு. சிலப்பதிகாரத்தில் இந்த ஊர் இரண்டாக இருக்கிறது. கடல் பக்கம் மருவூர்ப்பாக்கம், உள்பக்கம் பட்டினப்பாக்கம், இரண்டுக்கும் நடுவில் நாளங்காடி. பட்டினப்பாலையோ இங்கே வந்து இறங்கிய குதிரைகளையும் மிளகு மூட்டைகளையும் பட்டியல் போடுகிறது. தமிழ்நாட்டின் முதல் ட்ராஃபிக் ஜாம் இங்கேதான் நடந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் அன்று காலை ஏழு மணிக்கு ஒரு நாய் ரோட்டின் நட்டநடுவில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. சுற்றிக்கொண்டு போனோம்.

பக்கத்தில் கீழையூரில் 1960-களில் தொல்லியல் துறையினர் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய ஒரு படகுத்துறை கிடைத்தது. படகு கட்ட நட்டுவைத்த மரக் கம்பங்களோடு கிடைத்தது. இன்றைக்கு அங்கே நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது. இன்னொரு பக்கம், பழைய பூம்புகாரையே கடல் கொண்டுபோய்விட்டது என்று மணிமேகலை சொல்கிறது. ஒரு இடத்தில் படகுத்துறை கரைக்குள்ளே மாட்டிக்கொண்டது, இன்னொரு இடத்தில் ஊர் கடலுக்குள் போய்விட்டது. இந்தக் கரையில் எதுவும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. கடற்கரையில் கொட்டியிருக்கும் கருங்கற்களைப் பார்த்தாலே அது புரிந்துவிடும்.

இனி ரோட்டைப் பற்றி. பூம்புகாரிலிருந்து தெற்கே வானகிரி, சின்னமேடு, சின்னங்குடி, தாழம்பேட்டை, பெருமாள்பேட்டை என்று கடலை ஒட்டி வரிசையாக ஊர்கள். மேப்பில் பார்த்தால் ஒரே கோடாகப் போய்விடலாம் போல இருக்கும். போக முடியாது. காவிரியின் கிளைகளும் வடிகால் ஆறுகளும் சில கிலோமீட்டருக்கு ஒன்றாகக் கடலில் வந்து விழுகின்றன. ஒரு சீப்பை நினைத்துக்கொள்ளுங்கள். சீர்காழியிலிருந்து ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு என்று போகும் பெரிய ரோடுதான் சீப்பின் முதுகு. கடலோர ஊருக்குப் போகும் சின்ன ரோடுகள் சீப்பின் பல். சில பற்களுக்கு நடுவே மட்டும் ஊருக்கு ஊர் குறுக்கு வழி இருக்கிறது. மற்ற இடத்தில் முதுகு வரை வந்து அடுத்த பல்லுக்குள் இறங்க வேண்டும்.

லாரி, பஸ், கார் எல்லாம் முதுகோடு போய்விடும். பல்லுக்குள் வருகிறவர்கள் அங்கே வீடு உள்ளவர்கள் மட்டும்தான். அந்த ரோடுகள் இன்றைக்கும் இவ்வளவு அழகாக, இவ்வளவு அமைதியாக இருப்பதற்குக் காரணம் இதுதான். வேறு ரகசியம் ஒன்றும் இல்லை. அவை எங்கேயும் போகாத ரோடுகள்.

அழகு என்றால் அப்படி ஒரு அழகு. மேற்குப் பக்கம் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. கிழக்குப் பக்கம் சவுக்குத் தோப்பு, அதற்குப் பின்னால் கடலின் சத்தம் மட்டும். வண்டி வராத ரோடு என்பதால் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயப் போட்டு, ஓரத்தில் கல் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு ஆயா குச்சியோடு உட்கார்ந்து ஆட்டை விரட்டிக்கொண்டிருந்தது. எங்களையும் ஆட்டுக் கணக்கில் சேர்த்து "நெல்லு மேல ஏத்தாத" என்று குச்சியைக் காட்டியது. கோடு தாண்டாமல் போனோம். நெல்லும் வைக்கோலும் காயும் வாசமும் கருவாட்டு வாசமும் ஒரே மூச்சில் வருகிற இடம் டெல்டாவில் இந்தக் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். (இதை வாசனைத் திரவியமாக விற்க முடியாது என்பது என் தாழ்மையான கருத்து.)

பஞ்சர் ஆகாமல் ஒரு சைக்கிள் கட்டுரையா? ஆயிற்று. சீமைக்கருவேல முள். இந்தப் பக்கம் வாய்க்கால் கரை முழுக்க அதுதான். அடுப்பெரிக்க வெட்டிக்கொண்டு போகிறவர்கள் கட்டிலிருந்து ரோட்டில் உதிர்ந்துகொண்டே போகும். பஞ்சர் கடை அந்த ரோட்டில் கிடையாது. நாங்களே டியூபை உருவி, வாய்க்கால் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தில் அடையாளம் வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டுப் போட்டோம். முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தில் அந்த ரோட்டில் போன வண்டிகளை எண்ணினோம். ஐஸ் ஏற்றிய ஒரு டாடா ஏஸ், இரண்டு பைக், ஒரு சைக்கிள். எனக்கு ஒரே சந்தோஷம். "இதுக்குத்தான்டா வந்தது!" என்றேன். நண்பன் ஒன்றும் சொல்லாமல் காற்று அடித்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் ஆறு வந்தது. இந்தக் கரையில் ரோடு முடிகிறது. அக்கரையில் தென்னை மரங்கள், ஒரு கோயில் கோபுரம், படகுகள். கூப்பிட்டால் காது கேட்கிற தூரம். ரோட்டில் சுற்றிப் போனால் ஒன்பது கிலோமீட்டர். நண்பன் அக்கரையைப் பார்த்து இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தான். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஃபைபர் போட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவனுக்குச் சித்தப்பா முறை. சைக்கிளைப் படுக்க வைக்கக் கூடாதாம், செயினில் மண் ஏறிவிடுமாம். நிற்க வைத்து ஹேண்டில்பாரை நாங்கள் பிடித்துக்கொண்டோம். நடு ஆற்றில் முகத்துவாரத்து அலை வந்து போட்டைத் தூக்கியபோது என் சைக்கிள் மணி தானாக ஒரு தடவை அடித்தது.

"எவ்வளவு சித்தப்பா?" என்று நானும் உரிமையோடு கேட்டேன். "போடா, சைக்கிளுக்கெல்லாம் காசா" என்றார். பிறகு அவரே சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் இப்படித்தான் கொண்டுவந்து விடுகிறார்கள். கடலுக்குப் போன நாளில் கரையில் போட் இருக்காது, அன்றைக்கு ஒன்பது கிலோமீட்டர். பாலத்துக்காக அளந்து கல் நட்டுப் போனதை அவர் இரண்டு தடவை பார்த்திருக்கிறார். "கல்லு நல்லாத்தான் நட்டானுவோ. மொத கல்லு ஆத்தோட போயிட்டு."

நண்பன் வீட்டுக்குப் போகும்போது மணி பன்னிரண்டு. வீடு கடலோரத்தில் இல்லை, சுனாமி குடியிருப்பில். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு, கரையிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் வீடு கட்டித் தருகிறோம் என்று வந்த திட்டத்தில் கட்டிய வரிசை வீடுகள். அப்போது இது நாகப்பட்டினம் மாவட்டம். மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020 டிசம்பரில்தான். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஊர் முனையில் ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. அதில் பெயர்கள். நண்பன் அடுத்த வருடம் பிறந்தவன். அந்தப் பெயர்களில் நான்கு பேர் அவனுக்கு என்ன முறை வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தான், நிற்கவில்லை.

வீடு உள்ளே போய்விட்டது, படகும் வலையும் கரையிலேயே இருக்கின்றன. அதனால் அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு சைக்கிளாவது உண்டு. விடியற்காலை மூன்று மணிக்கு இருட்டில் சைக்கிளில் கரைக்குப் போவார்களாம். சைக்கிள் சுற்றுலா என்று நான் சொன்ன வார்த்தையை அவன் அம்மா இரண்டு தடவை திரும்பக் கேட்டார்கள். "இந்த ரோட்டுல பாக்குறதுக்கு என்ன தம்பி இருக்கு? ஒரு வண்டி வராது."

"அதுக்குத்தாம்மா வந்தோம்" என்றேன்.

அவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு நெத்திலிக் குழம்பும் வறுத்த காலாவும் வந்தன. நான் எவ்வளவு சாப்பிட்டேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

நாங்கள் கை கழுவும்போது அவன் தங்கச்சி வந்தாள். இரண்டாம் வருடம் பி.எஸ்சி. சனிக்கிழமை அரைநாள் வகுப்பு. அவளிடமும் இருப்பது பதினொன்றாம் வகுப்பில் வாங்கிய சைக்கிள்தான். வீட்டிலிருந்து பெரிய ரோடு நாலு கிலோமீட்டர். அங்கே ஒரு டீக்கடையில் சைக்கிளை விட்டுவிட்டு பஸ் பிடிக்க வேண்டும். ஊருக்குள் வரும் டவுன் பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மாலை பஸ் அவள் கல்லூரி விடும் நேரத்துக்கு முன்னாலேயே போய்விடும். 2021-இல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததே, அது உனக்குப் பிரயோஜனமாக இருக்குமே என்று கேட்டேன்.

"ஃப்ரீதான்ணா. பஸ்ஸு வரணும்ல?"

நாங்கள் காலையில் ரசித்து ரசித்து வந்த மாதிரி ஒரு ரோட்டில் அவள் தினமும் இரவு ஏழு மணிக்குத் தனியாக வருகிறாள். விளக்கு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாய்க்கால் ரோட்டுக்கு மேல் ஓடும்போது கல்லூரிக்கே போவதில்லை. இந்த வருடத்தோடு நிறுத்திவிடலாமா என்று அப்பா யோசிக்கிறார் என்று நண்பன் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். ஊர் சார்பில் மனு கொடுத்திருக்கிறார்கள், மூன்று தடவை. பதிலும் வந்திருக்கிறது. போதிய பயணிகள் இல்லை என்று.

பஸ் இல்லாததால் எல்லோரும் சைக்கிளிலும் பைக்கிலும் போகிறார்கள். எல்லோரும் அப்படிப் போவதால் பஸ்ஸுக்கு ஆள் இல்லை. ஆள் இல்லாததால் பஸ் இல்லை. வண்டி இல்லாததால் ரோடு அழகாக இருக்கிறது, அதைப் பார்க்க நான் வருகிறேன். நன்றாக இருக்கிறதல்லவா? அந்த ஆற்றில் பாலம் வந்தால் சீப்பின் பற்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிடும். டெம்போ வரும், சுற்றுலா வேன் வரும், ரோட்டில் நெல் காயாது, அந்த நாய் நடு ரோட்டில் தூங்க முடியாது. இருந்தாலும் பாலம் வரட்டும், பஸ்ஸும் வரட்டும். எனக்குச் சைக்கிள் விட வேறு ரோடு கிடைக்கும். 'கெடாத கிராமம்', 'வளர்ச்சி தீண்டாத கடற்கரை' என்றெல்லாம் வீடியோ போடுகிற அண்ணன்மார்கள் அந்த டீக்கடையில் ஒரு நாள் மாலை ஏழு மணிக்கு நின்று பார்க்கலாம்.

நான்கு மணிக்குக் கிளம்பினோம். பெரிய ரோடு வரைக்கும் தங்கச்சியும் வந்தாள், ஏதோ வாங்க வேண்டுமாம். எங்கள் இருவரையும் முந்திக்கொண்டு போனாள். எந்தப் பள்ளத்துக்கு எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று அவளுக்கு மனப்பாடம்.

திருக்கடையூர் வந்ததும் உலகம் மாறிவிட்டது. அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் வந்த வேன்கள். ஒவ்வொரு வேனிலும் மாலை போட்ட ஒரு தாத்தா பாட்டி, கூடவே இருபது பேரன் பேத்திகள். அபிராமியை வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு ஓரமாக நழுவினோம். தில்லையாடியில் வள்ளியம்மையின் நினைவு மண்டபம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் காந்தியின் போராட்டத்தில் சிறை போய் 1914-இல் இறந்துபோன பெண். அடுத்த வருடமே காந்தி அவளுடைய குடும்பத்தின் ஊரைப் பார்க்க இங்கே வந்தார். இறக்கும்போது அவளுக்கு 16 வயது. தங்கச்சியைவிடச் சின்னவள் என்று நண்பன் சொன்னான்.

தரங்கம்பாடிக்குள் 1792-இல் கட்டிய நுழைவாயில் வழியாகத்தான் போக வேண்டும். அதற்குள் ராஜா தெரு. அகலமான தெரு, வெள்ளை அடித்த சர்ச்சுகள், பெரிய தூண் வைத்த வீடுகள், கடைசியில் கடல். அந்தத் தெருவில் மாலை வெயிலில் சைக்கிள் விடுவது போல ஒரு சுகம் கிடையாது. எதிரில் வண்டி வராது, ஏனென்றால் இதுவும் எங்கேயும் போகாத ரோடுதான். கடலில் முடிகிறது.

1620-இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு ஓவே கெத்தே என்ற தளபதி டேனியக் கோட்டையைக் கட்டினார். டென்மார்க் ராஜாவுக்கு நாயக்கர் தங்க ஏட்டில் தமிழில் எழுதிய கடிதம் இன்றும் அந்த நாட்டில் இருக்கிறது. 1706 ஜூலை 9-இல் சீகன்பால்கு இங்கே வந்து இறங்கினார். தமிழ் படித்தார், அச்சுக்கூடம் கொண்டுவரச் செய்தார், 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது. காகிதம் ஐரோப்பாவிலிருந்து வந்து கட்டுப்படியாகவில்லை என்று பக்கத்துப் பொறையாறில் காகிதப் பட்டறையே வைத்தார்கள். அங்கே ஒரு இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றே பெயர். 36 வயதில், 1719-இல் இறந்துபோனார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே கல்லறை. 1845-இல் டேனியர்கள் இந்தியாவில் இருந்த தங்கள் ஊர்களை எல்லாம் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

இதெல்லாம் கோட்டையின் அருங்காட்சியகத்திலும் பலகைகளிலும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் டேனியர்கள் வருவதற்கு 300 வருடம் முன்பே இது ஊர்தான். கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு இந்த ஊரைச் சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என்கிறது. கோயிலின் முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. எஞ்சியதைச் சுற்றிக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். பூம்புகாரில் காலையில் பார்த்த அதே கல். அந்தப் பாறைகளில் உட்கார்ந்து பொறித்த மீன் சாப்பிட்டோம். மீன் சுமார். மதியம் நெத்திலிக் குழம்பு சாப்பிட்ட நாக்கு, வேறென்ன சொல்லும்?

இன்னொன்று. இந்த ஊருக்கு ரயிலே வந்துகொண்டிருந்தது! மயிலாடுதுறையிலிருந்து 1926-இல் போட்ட மீட்டர் கேஜ் பாதை. 1980-களில் நிறுத்திவிட்டார்கள். வருமானம் இல்லை என்று. போதிய பயணிகள் இல்லை என்ற அந்தப் பதில் தங்கச்சி ஊருக்கு மட்டும் வந்தது இல்லை போலிருக்கிறது.

இரவு ஒரு தெரிந்தவர் வீட்டு மாடியில் படுத்தோம். கொசுக்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

ஞாயிற்றுக்கிழமையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலும் பெரிய ரோடு. நண்டலாற்றுப் பாலம் தாண்டினால் காரைக்கால். 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. பாலம் தாண்டியதுமே பெட்ரோல் பங்கில் கூட்டம். எங்களுக்கு அதில் பத்துப் பைசா லாபம் இல்லை :-) காரைக்கால் அம்மையார் கோயில், அரசலாறு கடலில் சேரும் இடத்தில் கடற்கரை, ஒரு நல்ல பரோட்டா. திருமலைராயன்பட்டினம் தாண்டி வாஞ்சூரில் மறுபடி தமிழ்நாடு. தூரத்திலேயே நாகூர் மினாராக்கள் தெரிய ஆரம்பித்துவிட்டன. ஐந்து மினாராக்களில் உயரமானது தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது. தர்காவுக்கு வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தோம். கால் இரண்டும் அப்போதுதான் இருப்பதாகத் தெரிந்தது. திரும்பி வந்தது நண்பனின் மாமா ஓட்டும் மீன் வண்டியில், காலிப் பெட்டிகளோடு. அந்தச் சட்டையை மூன்று தடவை துவைத்தாயிற்று. அம்மா இன்னும் அதைத் தொடுவதில்லை.

போக நினைக்கிறவர்களுக்கு: தை, மாசியில் போங்கள். வடக்கிலிருந்து தெற்கே போங்கள். ஆளுக்கு ஒரு டியூப் கூடுதலாக, வால்டியூப் ஒரு முழம், சொல்யூஷன் கட்டாயம். கடல் காற்றில் செயின் இரண்டே நாளில் துருப்பிடித்துவிடும், எண்ணெய் போடுங்கள். குடிக்கத் தண்ணீர் பெரிய ரோட்டிலேயே பிடித்துக்கொள்ளுங்கள், உள்ளே சில ஊர்களில் அடிபம்பு கரிக்கும். நெல் மேல் ஏற்றாதீர்கள்.

சைக்கிள் இல்லாதவர்கள் சொல்லுங்கள், நண்பனிடம் கேட்டுத் தருகிறேன். ஜூனில் அவன் தங்கச்சிக்கு விடுதியில் இடம் கிடைத்துவிட்டது. வருடத்துக்கு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அப்பா வலை வாங்க வைத்திருந்த பணமாம். அவள் சைக்கிள் அந்த டீக்கடைக்குப் பின்னால் சும்மாதான் நிற்கிறது. நிற்க நிற்க துருப்பிடிக்கும், யாராவது ஓட்டினால் நல்லது என்று அவளே சொல்லி அனுப்பினாள். பின் பிரேக் மட்டும் கொஞ்சம் பிடிக்காதாம்.